காற்றில் நிற்கும் கண்ணாடி

சாஃப்ட்பால் குழுவில் மட்டை பிடிக்கும் உரிமை சில்லுவுக்கு இன்று மாலைவரைதான் இருந்தது.

நேற்று அவள் அடித்த பந்துகள் எல்லாம், பந்து வீசிய பெண்ணின் காலடிக்கே உருண்டு போயின. கோச் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"நாளைக்குச் சாயங்காலம் கடைசியா ஒரு தடவை பாக்கிறேன். பந்து உள்வட்டத்தைத் தாண்டலேன்னா நீ ஃபீல்டிங் மட்டும் பண்ணு. உனக்குப் பதிலா வேற ஒருத்தி அடிப்பா."

ஓடிப் பிடிப்பதில் அவளுக்கு ஈடு அந்தக் குழுவில் இல்லை. ஆனால் அவளுக்கு வேண்டியது மட்டை. தூங்கும்போதுகூடப் பக்கத்தில் வைத்துக்கொள்வாள்.

கண்ணாடிக் கடைக்காரரின் கடைசிப் பிள்ளை அவள். பிறந்தபோது ஒரு கண்ணாடித் துண்டு அளவுக்குத்தான் இருந்தாள் என்று அப்பா அவளைச் சில்லு என்றார். இப்போது பதினாறு வயது. அப்பாவைவிட உயரம். பெயர் மட்டும் வளரவில்லை.

கீழே கடை. மேலே வீடு. கடைக்கும் பின்முற்றத்துக்கும் நடுவே ஒரு நீண்ட கூடம். இரு பக்கமும் மரச்சட்டங்களில் கண்ணாடிகள் சாய்ந்து நிற்கும். அந்த வீட்டில் எல்லோரும் முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு நடப்பார்கள். தெருவில்கூட அப்படித்தான். அவர்களுக்கு அது தெரியாது.

சில்லு எட்டு வயதிலிருந்து மட்டை சுழற்றிப் பழகியது அந்தக் கூடத்தில். கோடியில் ஒரு வலை. நடுவே இடுப்பு உயரத்துக்கு ஒரு ரப்பர் தண்டு. அதன் தலையில் பந்து.

இன்று காலையும் அடித்துக்கொண்டிருந்தாள். அப்பா ஒரு பெரிய கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு அவளைக் கடந்தார். அவரும் வேகத்தைக் குறைக்கவில்லை, அவளும் நிறுத்தவில்லை. மட்டைக்கும் கண்ணாடிக்கும் நடுவே இருந்த காற்று இருவருக்கும் பழக்கமானது.

படிக்கட்டின் பாதியில் அண்ணி நின்றிருந்தாள்.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து நான்கு மாதம். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுத் தருபவள். அண்ணன் வேறு ஊரில் ஒரு கட்டடத்துக்குக் கண்ணாடி பொருத்தப் போயிருந்தான். போன வாரம் அவளுடைய கைப்பை பட்டு ஆளுயரக் கண்ணாடி ஒன்று சாய்ந்து நொறுங்கியது. மாமனார் திட்டவில்லை. குனிந்து பொறுக்கினார். அன்றிலிருந்து அவளிடம் பேசவும் இல்லை.

அதனால் அண்ணி தானாகக் கூடத்துக்குள் கால் வைப்பதில்லை. படியில் நின்று, யாராவது வழி விட்ட பிறகு இறங்குவாள். மற்றவர்கள் பக்கத்தில் நடந்து பார்த்ததை அவள் மேலிருந்து பார்த்தாள்.

மட்டை பந்தைத் தட்டியது. தோளைச் சுற்றி முதுகுப் பக்கம் போயிருக்க வேண்டும். போகவில்லை. இடது பக்கக் கண்ணாடிக்கு ஒரு விரல் முன்னால் நின்றது.

அடுத்த பந்து. அதே இடம். அதே ஒரு விரல்.

"சில்லு, இன்னொரு தடவை."

"வேலைக்கு நேரமாகலையா அண்ணி?"

"ஆகுது. சுத்து."

சுற்றினாள். ஒரு விரல்.

"இப்ப கண்ணை மூடிக்கிட்டு சுத்து."

"உடைஞ்சா?"

"பழியை என் மேல போடு. ஏற்கெனவே என் கணக்குல ஒண்ணு இருக்கு. ரெண்டாயிட்டுப் போகட்டும்."

சில்லு சிரித்தபடி கண்ணை மூடினாள். சுழன்றாள். பந்து எங்கோ போனது. மட்டையின் முனை கண்ணாடிக்கு ஒரு விரல் முன்னால் அசையாமல் நின்றது. கண்ணாடிக்குள் இன்னொரு மட்டை அதைத் தொட வந்து தொடாமல் நின்றது.

அண்ணி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன அண்ணி, மயக்கமா?"

"இல்ல. என் காலடியில ஒரு பிரேக் இருக்கும் தெரியுமா, கத்துக்கிறவங்க முட்டப் போனா நான் மிதிக்க? வருஷக்கணக்கா அதை வெச்சுத்தான் சம்பாதிக்கிறேன். ஆனா இப்படி ஒரு பிரேக்கை நான் பார்த்ததே இல்ல."

"பிரேக்கா? முழு பலத்தோட அடிக்கிறேன்."

"அடிக்கிற. அடிக்கும்போதே நிறுத்தவும் செய்யுற. ஆக்ஸிலரேட்டரையும் பிரேக்கையும் சேர்த்து மிதிச்சா வண்டி என்ன ஆகும்?"

"என்ன ஆகும்?"

"சத்தம் வரும். நகராது."

சில்லுவின் சிரிப்பு நின்றது. முட்டியை மடக்கு என்றிருக்கிறார்கள். மணிக்கட்டைத் திருப்பு என்றிருக்கிறார்கள். பந்தையே பார் என்றிருக்கிறார்கள். எல்லாம் செய்து பார்த்தாயிற்று. இதை யாரும் சொன்னதில்லை.

"மைதானத்துல கண்ணாடி கிடையாதே அண்ணி."

"அதைத்தான் பாக்கணும். மட்டையை எடுத்துக்கிட்டு வண்டியில ஏறு."

கார் பழகும் மைதானம் வெட்டவெளி. சிவப்புக் கூம்புகள் வரிசையாக நின்றன. அன்றைய மாணவர் ஒரு பல் டாக்டர். முன் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"டாக்டர், ஒரு பத்து நிமிஷம். அப்படியே உக்காந்திருங்க."

"எஞ்சினை அணைக்கலாமா மேடம்?"

"அது தானா அணைஞ்சுடுச்சு டாக்டர்."

சில்லுவைச் சுற்றி எதுவும் இல்லை. மண், வானம், தூரத்தில் வேலி. மட்டையை உயர்த்தினாள். தன் பலம் எல்லாம் திரட்டிச் சுழற்றினாள்.

மட்டை காற்றில் நின்றது.

இன்னும் வேகமாகச் சுழற்றினாள். அங்கேயே நின்றது. திரும்பி வேறு திசையைப் பார்த்து நின்று சுழற்றினாள். கூடம் அவளோடு திரும்பியது. அவளுடைய இடது பக்கத்தில், வெறும் காற்றில், ஒரு கண்ணாடி நின்றுகொண்டிருந்தது. அதை இருவரும் கிட்டத்தட்டப் பார்த்தார்கள்.

"இங்க என்ன இருக்கு?" என்று அண்ணி அந்த இடத்தில் கையை விட்டுத் துழாவினாள்.

"ஒண்ணும் இல்ல."

"அப்ப ஏன் நிறுத்துற?"

"நான் நிறுத்தலை அண்ணி. சத்தியமா நான் நிறுத்தலை."

அண்ணி துழாவிய கையை இறக்கினாள். ஒரு பெண் எட்டு வருடம் ஒரு சுவரைச் சுமந்துகொண்டு மைதானம் மைதானமாக ஓடியிருக்கிறாள். யாருக்கும் தெரியவில்லை. அவளுக்கே தெரியவில்லை.

"மேடம்," என்றார் டாக்டர் காருக்குள்ளிருந்து, "எனக்கும் இதே வியாதிதானா?"

"உங்களுக்கு வேற வியாதி, டாக்டர். உங்களுக்கு பிரேக்கே கிடையாது."

மதியம் வீட்டுக்கு வந்தபோது கண்ணாடிக்காரர் மேசையில் வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டுக்கோடு போகும்போது அந்த வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். அம்மாகூட ஓரம் தேய்க்கும் இயந்திரத்தை நிறுத்திவிடுவாள். கோடு போய் முடிந்தது. தட்டினார். கண்ணாடி இரண்டாகப் பிரிந்தது. எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

"மாமா," என்றாள் அண்ணி.

அவர் நிமிரவில்லை.

"சில்லுவோட அடி ஏன் போகலைன்னு கண்டுபிடிச்சுட்டோம். அவ கண்ணாடிக்குப் பயந்து நிறுத்துறா. இல்லாத கண்ணாடிக்கு."

"இத்தனை வருஷத்துல அவ ஒரு கண்ணாடி உடைச்சதில்ல," என்றார் அவர். மருமகளிடம் அல்ல, மேசையிடம். குரலில் பெருமை இருந்தது.

"அதான் மாமா பிரச்சினையே."

அம்மா இயந்திரத்தைப் போடப் போன கையை எடுத்துக்கொண்டாள்.

கண்ணாடிக்காரர் வெட்டுக்கருவியைத் துடைத்து வைத்தார். கூடத்துக்குள் போனார். இடது பக்கக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக எடுத்து வேறு சுவரில் சாய்த்தார். சட்டம் காலியானது. கண்ணாடி நின்ற இடத்தில் தன் உள்ளங்கையை நிமிர்த்திப் பிடித்தார்.

"கண்ணை மூடு. சுத்து."

"அப்பா, கை."

"சுத்துடா."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். சில்லு சுழற்றினாள். அவருடைய உள்ளங்கையில் காற்று மட்டும் பட்டது. மட்டை ஒரு விரல் தள்ளி நின்றது.

அவர் கையை எடுத்துவிட்டார். அவள் கண்ணைத் திறக்காமல் மறுபடி சுழற்றினாள். அங்கேயே நின்றது.

நாள் முழுதும் மயிரிழையில் வேலை செய்பவர் அவர். அந்த மயிரிழைக்கு எத்தனை வருடம் ஆனது என்று அவருக்குத் தெரியும். அதை இவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மகளின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல.

"இதை நான் கவனிக்கவே இல்லையே," என்றார்.

பிறகு அவர் செய்தது அந்த வீட்டில் நடக்காத ஒன்று. பின்முற்றத்தில் ஒரு குளியலறைக் கதவுக் கண்ணாடி கிடந்தது. சூளையில் இறுக்கியது. கைப்பிடித் துளை தவறான பக்கத்தில் விழுந்துவிட்டதால் இனி எதற்கும் ஆகாது. அதை அங்கேயே ஒரு சட்டத்தில் நிறுத்தினார். சில்லுவின் தலையில் ஹெல்மெட், கண்ணுக்குக் கடையில் போடும் பாதுகாப்புக் கண்ணாடி, கைக்குத் தோலுறை, மேலே தன் தடித்த மேலங்கி.

"இது கத்தி மாதிரிப் பிளக்காது. கல்லுப்பு மாதிரி உதிரும். அடி. உடை."

சில்லு அவரையே பார்த்தாள்.

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

சுழற்றினாள். ஒரு விரல். பல்லைக் கடித்துச் சுழற்றினாள். ஒரு விரல். கண்ணைத் துடைத்துக்கொண்டு சுழற்றினாள்.

"முடியலப்பா."

"நான் உன்னை ஒருநாளும் திட்டினதில்லையேம்மா. அடிச்சதில்லையே. பின்ன எதுக்கு இந்தப் பயம்?"

"திட்டலை," என்றாள் அம்மா வாசலிலிருந்து. "மூச்சை இழுப்பீங்க."

"என்னது?"

"கண்ணாடிகிட்ட யார் போனாலும் உங்களுக்கு ஒரு மூச்சு உள்ள போகும். வெளியில வராது. மாடியில படுத்திருந்தாலும் எனக்குக் கேக்கும். பிள்ளைங்க ரெண்டும் நடக்கப் பழகினதே அந்தச் சத்தத்துலதான். இப்பவும் மூணு தடவை இழுத்தீங்க. வெளியில விடுங்க முதல்ல, முகம் நீலமா இருக்கு."

அவர் மூச்சை விட்டார். விட்ட பிறகுதான் பிடித்திருந்தது தெரிந்தது.

"குடு இப்படி," என்று மட்டையை வாங்கினார். "நானே உடைச்சுக் காட்டுறேன்."

ஓங்கினார். மட்டை கண்ணாடிக்கு ஒரு விரல் முன்னால் நின்றது.

மறுபடி ஓங்கினார். நின்றது.

அம்மாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சில்லுவுக்கு. அவர் மட்டையையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. கோவிலில் நிற்பவர்போல நின்றார்.

"மாமா," என்றாள் அண்ணி, சில்லுவிடமிருந்து மேலங்கியை வாங்கி மாட்டிக்கொண்டே, "எனக்குத்தான் அனுபவம் இருக்கு."

அவர் மட்டையை நீட்டினார்.

அண்ணி நடுவில் அடித்தாள். மட்டை எகிறித் திரும்பியது. கை விறுவிறுத்தது.

"நடுவுல அடிச்சா உடையாதும்மா," என்றார் அவர். ஒரு வாரத்தில் அவளிடம் பேசிய முதல் வார்த்தை. "ஓரத்துல. மூலையைப் பார்த்து அடி."

மூலையைப் பார்த்து அடித்தாள்.

கதவு நின்றது. அடுத்த நொடி இல்லை. ஒரு பெருமழை ஒரே இடத்தில் கொட்டி ஓய்ந்ததுபோல ஒரு சத்தம். தரையெல்லாம் வெளிச்சம். சின்னச் சின்ன மணிகள் முற்றத்தின் மூலைவரை ஓடி, ஒன்றன்மேல் ஒன்று தட்டிக்கொண்டு, வெகுநேரம் கழித்து அடங்கின.

சில்லு கண்ணாடிக் கடையில் பிறந்து வளர்ந்தவள். போன வாரம் அண்ணி உடைத்தபோது அவள் பள்ளியில் இருந்தாள். கண்ணாடி நொறுங்குவதை அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"அழகா இருக்கு," என்றாள் மெதுவாக.

அப்பா குனிந்தார். உறையணிந்த கையில் ஒரு பிடி அள்ளினார். விரல் வழியாக ஒழுக விட்டார். மறுபடி அள்ளினார்.

"நேரமாகுது," என்றாள் அம்மா. "விளையாடினது போதும். அவ போகணும்."

அப்பாவும் கூடவே கிளம்பினார். மகளின் ஆட்டத்தைப் பார்க்க அவர் மைதானத்துக்குப் போவது இதுவே முதல் முறை. கண்ணாடி ஏற்றும் வண்டியில் அண்ணியையும் சேர்த்து மூவரும் போனார்கள்.

மைதானத்தைச் சுற்றி உயரமான சுவர். கம்பி வலைக்குப் பின்னால் அப்பாவும் அண்ணியும் நின்றார்கள். கோச் தானே பந்து வீசினார். கை ஒரு முழு வட்டம் சுற்றி, இடுப்பருகே பந்தை விடுவித்தது.

சில்லு அடித்தாள். பந்து கோச்சின் காலடிக்கு உருண்டது.

அடுத்தது. அதுவும்.

அடுத்த பந்து வருமுன் அவள் கையை உயர்த்தினாள். மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வலையை நோக்கி நடந்து வந்தாள்.

"அப்பா."

"என்னம்மா?"

"நீங்க மூச்சு இழுக்கிறது கேக்குது."

"இவ்வளவு தூரத்துலயா?"

"கேக்குதுப்பா." அவள் கண் கலங்கியது. "நீங்க வெளியில போறீங்களா? கோவிச்சுக்காதீங்க."

அவர் மகளைப் பார்த்தார். முதல் முறையாக வந்திருக்கிறார். பார்க்க வேண்டும் என்றுதான் வந்திருக்கிறார்.

"கோவம் இல்ல," என்றார். திரும்பி நடந்தார். முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு.

சுவருக்கு வெளியே சாலை. பேருந்துக்காக ஒரு பெண்மணி நின்றிருந்தார்.

"உள்ள என்ன, மேட்சா?"

"பொண்ணு அடிக்கிறா."

"பாக்கலையா?"

"நான் பாத்தா அடிக்க மாட்டா."

"எங்க வீட்லயும் அதே கதைதான். நான் பாத்தா ஒருத்தரும் வேலை செய்ய மாட்டாங்க. பாக்கலேன்னாலும் செய்ய மாட்டாங்க."

பேருந்து வந்தது. அந்தப் பெண்மணி ஏறிப் போனார்.

சுவருக்கு அப்பால் மட்டைச் சத்தம் கேட்டது. மொண்ணையான சத்தம். "அடுத்தது" என்றது கோச்சின் குரல். மறுபடி மொண்ணை. அடுத்து சத்தமே இல்லை. 'தொப்' என்று யாரோ விழுந்தார்கள். பெண்கள் சிரித்தார்கள்.

"என்ன இது புதுசா?" கோச்சின் குரல். "மட்டை உன் முதுகுலயே விழுது? எழுந்திரு. அடிபட்டுதா?"

"இல்ல மேடம்." சில்லுவின் குரல். அதில் அழுகை இல்லை. "இன்னும் ஒண்ணு போடுங்க."

மட்டை முதுகுவரை போயிருக்கிறது. அவருக்குப் புரிந்தது. சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். மூச்சை இழுக்கக் கூடாது என்று நினைத்தார். இழுத்தார். வாயைத் திறந்து விட்டார்.

அப்போது அந்தச் சத்தம் வந்தது.

அவர் கேட்டறியாத சத்தம். ஒரே ஒரு தட்டு. சுத்தமானது. அதற்குப் பிறகு மைதானம் முழுவதும் அமைதி. ஒருவரும் கத்தவில்லை. ஒருவரும் ஓடவில்லை.

அண்ணாந்து பார்த்தார்.

சுவருக்கு மேலே, வெகு மேலே, ஒரு மஞ்சள் பந்து வானத்தில் இருந்தது. இறங்குவதாகத் தெரியவில்லை. அங்கேயே இருந்துவிடும் போலிருந்தது. பிறகு மனம் மாறியதுபோல வளைந்து, அவர் தலையைத் தாண்டி, சாலையின் நடுவே விழுந்து எகிறி, எதிர்ப்பக்க ஓரத்தில் உருண்டு நின்றது.

சுவருக்குள் பெண்கள் அலறினார்கள். எல்லாக் குரலுக்கும் மேலே மருமகளின் குரல் கேட்டது.

அவர் சாலையைக் கடந்தார். பந்தை எடுத்தார். அது சூடாக இருந்தது. வெயிலா, அடியா, தெரியவில்லை. இரு கையாலும் பிடித்துக்கொண்டார்.

சுவர்க்கதவு திறந்தது. கோச் வந்தார். ஓடி வந்தவருக்கு மூச்சு வாங்கியது.

"சில்லுவோட அப்பாதானே?"

"ஆமாம்மா. உள்வட்டத்தைத் தாண்டிடுச்சா?"

கோச் அவரைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். சாலையைப் பார்த்தார்.

"சார், நான் விளையாடின காலத்துல இந்தச் சுவரைத் தொட்டதுகூட இல்ல. அவ என் டீம்ல அடிக்கிறா, அது முடிஞ்சுபோச்சு. அதைச் சொல்ல ஓடி வரலை. உள்ள ஒரு அம்மா உக்காந்திருக்காங்க. பெரிய டீமுக்கு ஆள் எடுக்கிறவங்க. வேற ஒரு பொண்ணைப் பாக்கத்தான் வந்தாங்க. இப்ப நோட்டை மூடி வெச்சுட்டு, இவ வீட்டு ஆளுங்க யாருன்னு கேக்கிறாங்க. உங்ககிட்ட ஏதோ கேக்கணுமாம்."

அவர் காதில் அது முழுதாக விழுந்ததா என்று தெரியவில்லை.

"எங்க நின்னு அடிச்சா?" என்றார்.

கோச் திறந்த கதவு வழியாகக் கையை நீட்டினார். தூரத்தில், மட்டை பிடிப்பவர் நிற்க வேண்டிய இடத்தில், தரையோடு ஒரு வெள்ளைத் தட்டு. அதன் பக்கத்தில் மட்டையோடு ஒரு பெண். இங்கிருந்து பார்க்க அவள் ஒரு துணுக்கு.

ஒரு ஜன்னலைத் தெருவிலிருந்து பார்த்தே அங்குலம் பிசகாமல் அளவு சொல்பவர் அவர். அந்தத் தட்டிலிருந்து சுவரைப் பார்த்தார். சுவரிலிருந்து வானத்தைப் பார்த்தார். வானத்திலிருந்து சாலையின் எதிர் ஓரத்தைப் பார்த்தார். அளவு வரவில்லை.

"வாங்க சார், காத்திருக்காங்க. பந்தைக் குடுங்க, உள்ள போட்டுடறேன்."

"இருக்கட்டும்மா," என்றார். பந்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டார். "கொஞ்ச நேரம் இருக்கட்டும்."